வயிற்றுவலியின் காரணத்தைத் தேடி

பின்வரும் பனுவலை வாசித்திடுக.

அன்று புதன்கிழமை. பள்ளித் திடலில் குறுக்கோட்டப் பயிற்சி தொடங்கி இருபது நிமிடங்கள்கூட ஆகவில்லை. என் வயிற்றுக்குள் மீண்டும் அந்த முறுக்கல் ஆரம்பித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு சுற்று ஓடினேன். அதற்கு மேல் முடியவில்லை. வரிசையைவிட்டு விலகிக் கழிப்பறையை நோக்கி ஓடினேன். பின்னாலிருந்து யாரோ, “பாருங்கள், மறுபடியும் குறுக்கு வழியில் ஓடுகிறான்!” என்று கத்த, எல்லாரும் சிரித்தனர்.

திரும்பி வந்தபோது உடற்கல்வி ஆசிரியர் என்னைத் தனியே அழைத்தார்.

“தம்பி, உனக்கு ஓட விருப்பம் இல்லையென்றால் நேரடியாகச் சொல்லிவிடு. மாவட்டப் போட்டிக்கு இன்னும் இரண்டு மாதங்கள்தாம் இருக்கின்றன. உன் இடத்திற்கு வேறொருவரைத் தயார்ப்படுத்த வேண்டும்,” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

நான் படிவம் இரண்டில் பயிலும் மாணவன். பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் வசிக்கிறேன். ஓடுவது எனக்கு உயிர். ஆனால், அவ்வாண்டின் தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய மூன்று மாதங்களாக என் வயிறு என்னைப் படாத பாடு படுத்திக்கொண்டிருந்தது. வயிறு உப்பிக்கொள்ளும், கடமுடவென்று சத்தம் போடும், முறுக்கி வலிக்கும், பிறகு வயிற்றுப்போக்கு. வாரத்தில் நான்கு ஐந்து நாள்கள் இப்படித்தான் கழிந்தன.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

“எல்லாம் அந்தச் சம்பலால் வந்த வினை. நாசி லெமாக்கை நிறுத்து,” என்றார் அம்மா.

“போட்டியை நினைத்துப் பயப்படுகிறாய். பயம் வந்தால் வயிறு கலக்கத்தான் செய்யும்,” என்றார் அப்பா.

“உடம்புச் சூடு, ஐயா. வயிற்றுக்குக் குளிர்ச்சியாக ஏதாவது வேண்டும்,” என்றார் பாட்டி. அன்று முதல் ஒவ்வோர் இரவும் படுக்கப் போகும் முன் ஒரு குவளைப் பாலை ஆற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை அருகிலேயே நின்று, என் தலையைத் தடவிக்கொடுப்பார்.

நானும் என் பங்குக்கு ஒரு முடிவு எடுத்தேன். சாப்பிட்டால்தானே வயிறு வலிக்கிறது? சாப்பிடாமல் இருந்துவிட்டால்? பயிற்சி நாள்களில் ஓய்வு நேர உணவையும் மதிய உணவையும் யாருக்கும் தெரியாமல் தவிர்க்கத் தொடங்கினேன். அம்மா கேட்டால், “சிற்றுண்டிச்சாலையில் சாப்பிட்டுவிட்டேன்,” என்று பொய் சொன்னேன். இரண்டாவது வாரம், கடும் வெயிலில் ஓடிக்கொண்டிருந்தபோது கண்கள் இருட்டிக்கொண்டு வந்தன. விழித்துப் பார்த்தபோது திடலின் ஓரத்தில், மரநிழலில் படுத்திருந்தேன். ஆசிரியர் என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

அன்றிரவு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கழிப்பறையைப் பற்றிப் பேசுவதற்கு வெட்கமாகத்தான் இருந்தது. அம்மா சிரிக்கவில்லை. “மூன்று மாதமாக நீ படுகிற துன்பத்தை நான் முழுமையாகக் கேட்காமல் விட்டுவிட்டேனே,” என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலை எங்கள் வட்டாரத்தில் உள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிற்கு என்னை அழைத்துச் சென்றார்.

மருத்துவர் உடனே மருந்து எழுதவில்லை. முதலில் கேள்விகளைக் கேட்டார்.

“மலத்தில் இரத்தம் போகிறதா? மலம் தார்போல் கறுப்பாக இருக்கிறதா? காய்ச்சல் வருகிறதா? எடை குறைந்திருக்கிறதா? வலியினால் தூக்கத்திலிருந்து விழித்துக்கொள்கிறாயா? தொடர்ந்து வாந்தி எடுக்கிறாயா?”

எல்லாவற்றுக்கும் இல்லை என்றே பதில் சொன்னேன். அவர் என் எடையைப் பார்த்தார். வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்தார். இரத்தத்தையும் மலத்தையும் பரிசோதனைக்கு அனுப்பினார். குடற்புழுவோ நோய்த்தொற்றோ இருக்கிறதா என்பதை அறிய அப்பரிசோதனை உதவும் என்றார்.

“டாக்டர், சம்பல்தானே காரணம்?” என்று அம்மா கேட்டார்.

“இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இப்போது நம்மிடம் இருப்பவை எல்லாம் ஊகங்கள்தாம்,” என்று சொல்லிவிட்டு, மருத்துவர் என் பக்கம் திரும்பினார். “தம்பி, இரண்டு வாரங்களுக்கு ஒரு குறிப்பேடு எழுது. என்ன சாப்பிட்டாய், எவ்வளவு, எத்தனை மணிக்கு, வயிறு எப்போது வலித்தது, எவ்வளவு நேரம் வலித்தது, அன்று பயிற்சி இருந்ததா, நன்றாகத் தூங்கினாயா என்று எல்லாவற்றையும் எழுத வேண்டும். வலி இல்லாத நாளிலும் எழுத வேண்டும். மறந்துவிட்டதை ஊகித்து எழுதக்கூடாது. உணவைத் தவிர்க்கவும் கூடாது.”

நான் எழுதத் தொடங்கினேன். அக்குறிப்பேட்டின் சில வரிகள் இவை:

திங்கள். காலை 6.30: ரொட்டி, பாலில் கலக்கிய மைலோ ஒரு குவளை. காலை 7.30: வயிறு உப்பியது. 8.15: வயிற்றுப்போக்கு. பயிற்சி இல்லை.

செவ்வாய். தாமதமாக எழுந்ததால் காலையில் தண்ணீர் மட்டும். காலை 10.20: நாசி லெமாக், சம்பல் அதிகம். மாலைவரை வலி இல்லை.

புதன். பிற்பகல் 3.15: அம்மா பையில் வைத்த பெட்டிப் பால். மாலை 4.20: முறுக்கல். பயிற்சியின் நடுவே கழிப்பறை.

ஞாயிறு. காலை 8.00: ரொட்டி சானாய், தே தாரிக். காலை 9.15: வயிற்றில் சத்தம், வலி. பயிற்சி இல்லை.

இரண்டாவது வாரம் பள்ளி விடுமுறை வந்தது. குடும்பத்தோடு பினாங்கில் இருக்கும் அத்தை வீட்டிற்குச் சென்று மூன்று நாள்கள் தங்கினோம். அங்கே நாசி கண்டார், மீன் தலைக் கறி, ஆட்டிறைச்சிப் பிரட்டல் என ஒன்றையும் விடாமல் சாப்பிட்டேன். குடித்ததெல்லாம் தே ஓவும் தண்ணீரும்தான். ‘இன்று இரவு நிச்சயம் வலிக்கப் போகிறது’ என்று ஒவ்வொரு நாளும் பயந்தேன். ஆனால், மூன்று நாள்களும் வலியே வரவில்லை. வீடு திரும்பிய அன்று இரவு, பாட்டி கொடுத்த பாலைக் குடித்துவிட்டுப் படுத்தேன். ஒரு மணி நேரத்தில் மீண்டும் வலி வந்துவிட்டது.

இரண்டு வாரங்கள் கழித்துக் குறிப்பேட்டோடு கிளினிக்கிற்குச் சென்றோம். பரிசோதனை முடிவுகளில் குறை ஏதும் இல்லை. மருத்துவர் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

“நீயே எண்ணிப் பார். மொத்தம் எத்தனை முறை வலி வந்தது?”

“பத்து முறை, டாக்டர்.”

“அவற்றுள் பயிற்சி நாளில் எத்தனை?”

“நான்கு. பயிற்சி இல்லாத நாளில் ஆறு.”

“அப்படியென்றால் பயிற்சியோ போட்டிப் பயமோ மட்டும் காரணமாக இருக்க முடியாது. காரமான உணவு எத்தனை முறை சாப்பிட்டிருக்கிறாய்?”

“பதினொரு முறை. ஆனால், அவற்றுள் மூன்று முறைதான் வலி வந்திருக்கிறது.”

“அந்த மூன்று முறையும் என்ன குடித்தாய்?”

விரலை வைத்துத் தேடினேன். மூன்று இடத்திலும் ஒரே விடை: தே தாரிக். எனக்கு நெஞ்சு படபடத்தது. வலி வந்த மற்ற இடங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மைலோ, பால், பால், தே தாரிக்... பத்தில் ஒன்பது முறை, வலிக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்கு முன் பால் இருந்தது.

“ஒருமுறை மட்டும் பால் குடிக்கவில்லை, டாக்டர். நண்பனின் பிறந்தநாளில் ஐஸ்கிரீம்தான் சாப்பிட்டேன்.”

மருத்துவர் புன்னகைத்தார். “ஐஸ்கிரீம் எதில் செய்கிறார்கள்?”

அம்மா ஏதோ நினைவுக்கு வந்தவராய் நெற்றியைத் தொட்டுக்கொண்டார். ஆண்டுத் தொடக்கத்தில் நான் ஓட்டக் குழுவில் சேர்ந்ததும், உடம்புக்குப் பலம் வேண்டுமென்று காலையிலும் பயிற்சிக்கு முன்பும் பால் கொடுக்கத் தொடங்கியவர் அவர்தாம். பயிற்சியும் பாலும் ஒரே நேரத்தில் தொடங்கியதால், எல்லாரும் பயிற்சியையே சந்தேகித்தோம்.

“பால் நல்ல உணவுதானே, டாக்டர்?” என்று அம்மா கவலையோடு கேட்டார்.

“நல்ல உணவுதான், அம்மா. ஆனால், எல்லார் வயிறும் அதை ஒரே மாதிரி ஏற்றுக்கொள்வதில்லை. பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. அதை உடைக்கச் சிறுகுடலில் லாக்டேஸ் என்ற நொதி சுரக்கிறது. குழந்தைப் பருவத்தில் அந்நொதி நிறையச் சுரக்கும். வளர வளரப் பலருக்கு அது குறைந்துவிடும். உலகில் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு லாக்டோஸை முழுமையாகச் செரிக்கும் ஆற்றல் குறைவு. ஆசிய மக்களிடையே இது மிகச் சாதாரணம். செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போகும். அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்கச் செய்யும்போது வாயு உண்டாகும், வயிறு உப்பும். செரிக்காத சர்க்கரை குடலுக்குள் நீரையும் இழுக்கும். அதனால் வயிற்றுப்போக்கு ஏற்படும்.”

“அப்படியென்றால் காரணம் கிடைத்துவிட்டது!” என்றேன்.

“இன்னும் இல்லை,” என்றார் மருத்துவர். “இது வலுவான சந்தேகம். சந்தேகத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும். உனக்கு ஓர் உண்மைக் கதை சொல்கிறேன், கேள்.

“ஒரு காலத்தில் இரைப்பைப் புண்ணுக்குக் கவலை, காரம், மிகுதியான அமிலம் ஆகியவையே காரணம் என்று பெரும்பாலான மருத்துவர்கள் நம்பினார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற மருத்துவர், நோயாளிகளின் இரைப்பையிலிருந்து எடுத்த திசுக்களில் வளைந்த வடிவுடைய பாக்டீரியாவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பேரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் அவரோடு சேர்ந்துகொண்டார். அந்த பாக்டீரியாவை ஆய்வகத்தில் வளர்க்க முயன்றார்கள். பல முறை தோல்வி. 1982ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையின்போது, ஆய்வுத் தட்டுகள் வழக்கத்தைவிடக் கூடுதலான நாள்கள் அப்படியே விடப்பட்டன. திரும்பி வந்து பார்த்தால் பாக்டீரியா வளர்ந்திருந்தது! அதுவரை போதிய நாள்கள் காத்திருக்காததுதான் தவறு. இருப்பினும், பலரும் அவர்களை நம்பவில்லை. 1984ஆம் ஆண்டு மார்ஷல் அந்த பாக்டீரியா கலந்த நீரைத் தாமே குடித்தார். சில நாள்களில் அவருக்கு வாந்தி வந்தது. இரைப்பையில் அழற்சி ஏற்பட்டிருந்தது. அந்த பாக்டீரியாவின் பெயர் ஹெலிகோபேக்டர் பைலோரி. அதனால் வரும் இரைப்பைப் புண்ணை இன்று நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளால் குணப்படுத்துகிறோம். 2005ஆம் ஆண்டு இருவருக்கும் மருத்துவத்திற்கான நோபல் பரிசு கிடைத்தது.”

நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன்.

“அதற்காக நீ எதையும் குடித்துப் பார்த்துவிடாதே!” என்று மருத்துவர் சிரித்தார். “உன் நோய் வேறு; உன் சோதனையும் எளியது. இரண்டு வாரங்களுக்குப் பாலையும் பால் கலந்த உணவுகளையும் நிறுத்து. பிறகு ஒருநாள், பள்ளி இல்லாத நாளாகப் பார்த்து, ஒரு குவளைப் பால் குடி. இரண்டையும் குறிப்பேட்டில் எழுது. தேவைப்பட்டால், மூச்சில் வெளிவரும் ஹைட்ரஜனை அளக்கும் பரிசோதனைக்குப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாம்.”

பாலை நிறுத்துவது நான் நினைத்ததைப்போல எளிதாக இல்லை. நான்காம் நாள் வயிறு மீண்டும் உப்பியது. அம்மா சமையலறைக்குச் சென்று, நான் காலையில் குடித்த தானியப் பானத்தின் பொட்டலத்தைத் தேடி எடுத்தார். அதன் பின்புறம் இருந்த பொருள்களின் பட்டியலில் ‘பால் மாவு’ என்று இருந்தது. அன்று முதல் எதையும் வாங்கும் முன் அப்பட்டியலைப் படிப்பது எங்கள் குடும்பத்தின் வழக்கமாயிற்று. அதன்பின் பத்து நாள்கள் ஒருமுறைகூட வலி வரவில்லை.

சோதனை நாளான சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஒரு குவளைப் பால் குடித்தேன். ஒன்பதேகாலுக்கு வயிறு பாடத் தொடங்கியது. பத்து மணிக்குள் இரண்டு முறை கழிப்பறைக்கு ஓடினேன். வலியின் நடுவிலும் எனக்கு ஒரு நிம்மதி. இத்தனை நாளாக முகம் காட்டாமல் என்னைத் துன்புறுத்தியதற்கு இப்போது ஒரு பெயர் இருந்தது: லாக்டோஸ் சகிப்பின்மை.

பாட்டிதான் உடைந்துபோனார். “குளிர்ச்சி என்று நினைத்து, என் கையாலேயே உனக்கு வலியைக் கொடுத்திருக்கிறேனே, ஐயா,” என்று கண் கலங்கினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “உங்களுக்குத் தெரியாது, பாட்டி. எனக்கும் தெரியாது. எழுதிப் பார்த்த பிறகுதானே தெரிந்தது?” என்றேன்.

மருத்துவர் என்னை வாழ்நாள் முழுவதும் பாலைத் தொடாதே என்று சொல்லவில்லை. பலருக்குச் சிறிதளவு பாலை உணவோடு சேர்த்துக் குடித்தால் தொல்லை வருவதில்லை. தயிரில் உள்ள நுண்ணுயிர்கள் லாக்டோஸின் ஒரு பகுதியை முன்னமே உடைத்துவிடுவதால் தயிரும் மோரும் பலருக்கு ஒத்துக்கொள்கின்றன. எனக்கு எவ்வளவு ஒத்துக்கொள்கிறது என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டறிந்தேன். எலும்பு வலுவுக்குத் தேவையான சுண்ணாம்புச் சத்தை முள்ளோடு உண்ணும் நெத்திலி, தவ்ஃபு, கீரை, கேழ்வரகு, சுண்ணாம்புச் சத்துச் சேர்த்த சோயா பால் ஆகியவற்றிலிருந்து பெறலாம் என்றும் மருத்துவர் சொன்னார். இப்போது பாட்டி இரவில் பாலுக்குப் பதிலாக, மதிய உணவோடு ஒரு குவளை மோர் கொடுக்கிறார். அருகில் நின்று தலையைத் தடவும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

உடற்கல்வி ஆசிரியரிடம் குறிப்பேட்டைக் காட்டினேன். அவர் பக்கம் பக்கமாகப் படித்தார். “நான் உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்காமலே முடிவு செய்துவிட்டேன்,” என்றார். பிறகு, “நாளை மாலை நான்கு மணிக்குத் திடலுக்கு வந்துவிடு,” என்றார்.

மாவட்டப் போட்டியில் நான் பதினேழாவதாகத்தான் வந்தேன். ஆனால், ஓர் இடத்தில்கூட நிற்காமல் ஓடி முடித்தேன்.

சிந்திப்போம்

மாணவர்களே, வயிற்றுக் கோளாறு பலருக்கும் அவ்வப்போது வருவதுதான். ஆயினும், அது வாரக்கணக்கில் நீடித்தால் ‘பழகிவிட்டது’ என்று பொறுத்துக்கொள்வதும், வெட்கப்பட்டு மறைப்பதும், சாப்பிடாமல் இருப்பதும், பிறர் சொல்லும் மருந்தை வாங்கி விழுங்குவதும் தீர்வாகா. நீடிக்கும் வயிற்றுக் கோளாறுக்குப் பால் மட்டுமே காரணம் என்றும் எண்ணிவிடக்கூடாது. நோய்த்தொற்று, குடற்புழு, மலச்சிக்கல், இரைப்பைப் புண், மன அழுத்தம், குடல் நோய்கள் எனக் காரணங்கள் பல. ஒருவருடைய காரணம் மற்றவருக்குப் பொருந்தாமல் போகலாம். ஆகவே, மருத்துவர் சொல்லாமல் ஓர் உணவை நீண்ட நாள் ஒதுக்கிவைத்தால் வளரும் உடலுக்குச் சத்துக் குறையும்.

மலத்தில் இரத்தம், கருமையான மலம், ஓயாத வாந்தி, கடும் காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரை நாட வேண்டும். பால் குடித்ததும் உடலில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் ஏற்பட்டால் அது வேறு வகை. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் பாலின் புரதத்தை எதிர்ப்பதால் வருவது. அவரை உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரத்தில், நோய் இன்னதென்று ஆராய்ந்து, அது வந்த காரணத்தையும் கண்டறிந்து, அதன் பிறகே அதைத் தணிக்கும் வழியைத் தேடவேண்டும் என்கிறார். ஊகத்திற்கும் உண்மைக்கும் இடையில் உள்ள தொலைவைக் கடக்க இம்மாணவனுக்குத் தேவைப்பட்டவை மூன்று: மறைக்காமல் சொல்லும் துணிவு, நடந்ததை நடந்தபடியே எழுதும் நேர்மை, முடிவு தெரியும்வரை காத்திருக்கும் பொறுமை.

கேள்விகளுக்கு விடை காண்க.

1. மாணவனின் வயிற்றுவலிக்குக் குடும்பத்தினர் கூறிய காரணங்கள் யாவை?

2. வலி இல்லாத நாளிலும் குறிப்பு எழுத வேண்டும் என மருத்துவர் ஏன் கூறினார்?

3. பினாங்கில் கழித்த மூன்று நாள்கள் காரணத்தைக் கண்டறிய எவ்வாறு உதவின?

4. குறிப்பேட்டைப் பார்த்த பிறகும் மருத்துவர், “இன்னும் இல்லை,” என்று கூறியதன் காரணம் என்ன?

5. ‘நான் உன்னிடம் கேட்டிருக்க வேண்டும்’ எனும் ஆசிரியரின் கூற்றிலிருந்து நீ அறிந்துகொள்வது என்ன?

6. நண்பர் ஒருவர் நீண்ட நாள் உடல் உபாதையை மறைத்து வருகிறார். அவருக்கு நீ கூறும் அறிவுரையை 50 சொற்களில் எழுதுக.